மறதி நோயாளிகளின் மருத்துவமனைப் பாதுகாப்பு: செங்கல்பட்டும் மாமல்லபுரம் கடற்கரையும்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ள ஒருவரை அறுவை சிகிச்சை, ஸ்கேன், எண்டோஸ்கோபி போன்றவற்றுக்காக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது நேரக்கூடிய தீங்குகளும், அவற்றைத் தடுக்கும் வழிகளும் இக்கட்டுரையின் பொருள். கட்டிலிலிருந்து விழுதல், ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொள்ளுதல், வார்டை விட்டு வெளியேறிக் காணாமற்போதல், டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இந்த நான்கிலும் குடும்பத்தார் கையில் இருக்கும் முதல் மருந்து, பழகிய ஒரு முகம் பக்கத்தில் இருப்பதுதான்.

பகுதியும் நோயின் அளவும்

செங்கல்பட்டு, 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையே மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து பெரிய சிகிச்சைக்கு வருபவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக இங்கே வருகிறார்கள்; மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கேளம்பாக்கத்திலும் காட்டாங்கொளத்தூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தில் 5.3 விழுக்காடு; கிராமத்தில் 8.4. இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இன்னதென்று எவரும் சொன்னதில்லை. சென்னையிலும் வேலூரிலும் நடந்த '10/66' என்ற மறதி நோய் ஆய்வுகளில் தெரிந்ததும் இதுதான்: வீட்டில் உள்ளவர்கள் மறதியை நோயாகவே எண்ணுவதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் இடுப்பெலும்பு முறிந்து வரும் பாட்டியின் கேஸ் ஷீட்டில் சர்க்கரை இருக்கும், ரத்தக் கொதிப்பு இருக்கும், மறதி இருக்காது. "இரண்டு வருஷமாகப் பேரப்பிள்ளைகளின் பெயர் மாறிப்போகிறது, சமையலை மறக்கிறார்" என்று சேர்க்கும்போதே குடும்பத்தார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கூட இருப்பவர்

பிரிட்டனில் ஜான் ஜெரார்ட் என்ற மறதி நோயாளி, 2014இல் காலில் புண்ணோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடும்பத்தார் வந்து பார்ப்பது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஐந்து வாரங்களில் நடை, பேச்சு எல்லாம் குன்றி வீடு திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். அவருடைய மகளும் எழுத்தாளருமான நிக்கி ஜெரார்ட், தோழி ஜூலியா ஜோன்ஸுடன் சேர்ந்து, மறதி நோயாளியோடு உறவினர் தங்கியிருக்கும் உரிமைக்காக 'ஜான்ஸ் கேம்பெய்ன்' இயக்கத்தைத் தொடங்கினார். பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பல அதை ஏற்றுக்கொண்டன.

அங்கே போராடிப் பெற்றது இங்கே வழக்கத்திலேயே உண்டு. தமிழ்நாட்டு மருத்துவமனை, அட்டெண்டர் இல்லாமல் நடப்பதில்லை. கஞ்சி ஊட்டுவதும், மாத்திரை வாங்கி வருவதும், இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பதும் மகளோ மருமகளோதான். ஆனால் அந்தத் துணை அறுந்துபோகும் இடங்கள் சில உண்டு: ஸ்கேன் அறை வாசல், ஆபரேஷன் தியேட்டர் வாசல், ஐசியூ வாசல். இரவில் பெண்கள் வார்டில் மகனும் ஆண்கள் வார்டில் மகளும் தங்க முடியாத நிலையையும் சேர்த்துக்கொள்ளலாம். நோயாளி மிகவும் மிரளும் நேரத்தில்தான் தெரிந்த முகம் மறைகிறது. பாதுகாப்புக்கான முயற்சி முழுவதும் இந்த வாசல்களில் குவிய வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் வரையிலும், ரெக்கவரி அறையில் கண் விழிக்கும்போதும் ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டா என்று, தேதி குறிக்கும் நாளிலேயே மயக்க மருத்துவரிடம் கேட்பது நல்லது. கடைசி நிமிடத்தில் வாசலில் கெஞ்சினால் நர்ஸால் எதுவும் செய்ய முடியாது.

கூட இருப்பவரும் மனிதர்தான். விடியுமுன் மீன் கூடையோடு கிளம்ப வேண்டிய பெண், தொடர்ந்து இரவுகள் கண்விழித்தால் அவரும் படுத்துவிடுவார். இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொள்வதும், ஒருவர் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியின் கண்ணெதிரிலேயே ஒப்படைத்துச் செல்வதும் உதவும்.

முந்தைய நாளும் அன்றைய காலையும்

ஒரு தாளில் சிலவற்றை எழுதிக் கேஸ் ஷீட்டோடு இணைத்து வைப்பது பயன் தரும்: அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், காது எந்தப் பக்கம் கேட்கும், சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார், எந்தப் பேச்சு அவரை அமைதிப்படுத்தும். மருந்துகளின் பெயர்கள் கட்டாயம் வேண்டும். மறதிக்குத் தரப்படும் டொனெபெசில், இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. மயக்க மருந்தோடு தரும் தசைத்தளர்ச்சி மருந்துகள் சிலவற்றின் வேலையையும் மாற்றும். மயக்க மருத்துவருக்கு இது தெரிந்தாக வேண்டும். வெற்றிலை, புகையிலை, சாராயம் ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. தினம் குடித்தவருக்குக் குடி திடீரென நின்றால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரும். அதை மறதியின் கணக்கில் எழுதிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பட்டினி இருக்கச் சொன்னதை நோயாளி நினைவில் வைத்திருக்க மாட்டார். பொதுவான விதிப்படி திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். பால் கலந்த காபியும் இதில் அடக்கம். வெறும் தண்ணீரைப் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு முன்புவரை தரலாம். ஆனால் 'ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் கூடாது' என்ற ஒற்றை உத்தரவோடு மதியம்வரை வாடவிடப்படுபவர்கள் உண்டு. நீர் வறட்சியே குழப்பத்துக்குப் பெரிய காரணம். பட்டியலில் முதல் ஆளாக வைக்கும்படி கேட்கலாம். பல மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நகை கழற்றும் நேரம் பெண்களுக்குக் கடினமானது. எம்ஆர்ஐக்கும் அறுவை சிகிச்சைக்கும் உலோகம் ஆகாது என்பதால் தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொல்வார்கள். காரணம் மறந்துபோன பெண்ணுக்கு அது பெரிய அதிர்ச்சி. உலோகமில்லாத மஞ்சள் கயிறு ஒன்றை முதலில் கழுத்தில் கட்டிவிட்டு, பிறகு தாலியை மகளே கழற்றுவது எவ்வளவோ மேல். கண்ணாடி, காது கருவி, பல்செட் ஆகியவை கடைசி நிமிடம்வரை அவரிடமே இருக்கட்டும். விழித்தவுடன் முதலில் திரும்பி வர வேண்டியவையும் இவையே.

கண்புரை அறுவையில் பெரும்பாலும் கண்ணைச் சுற்றி மட்டுமே மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். முகத்தின்மேல் துணி மூடியிருக்க, அசையாமல் படுப்பது மறதி நோயாளிக்கு எளிதல்ல. முற்றிய நோயில் முழு மயக்கம் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். இடுப்பெலும்பு முறிவுக்கு, முதுகில் ஊசி போட்டால் குழப்பம் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2021இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் இந்த வகையில் வேறுபாடு தென்படவில்லை.

டெலிரியம்

மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்திலோ நாட்களிலோ புத்தி தடுமாறினால் அது மறதி நோய் முற்றியதன் அடையாளம் என்று முடிவுகட்டக் கூடாது. நேற்றுவரை மகளைத் தெரிந்தவருக்கு இன்று தெரியவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, சோடியம் குறைவு, புதிதாகக் கொடுத்த மருந்து. அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் போடும் அவில் போன்ற ஊசிகளும், தூங்கவைக்கும் மாத்திரைகள் பலவும் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சுருண்டு, சாப்பிடாமல், அழைத்தால் மெல்லக் கண் திறப்பவரும் டெலிரியத்தில் இருக்கலாம். 'அமைதியாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுவது நடக்கிறது. "இது அவர் வழக்கமில்லை" என்று சொல்ல வல்லவர் கூட இருப்பவர் மட்டுமே.

அமெரிக்காவில் ஷாரன் இனோயியும் குழுவினரும் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் செய்த சோதனை 1999இல் வெளியானது. நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், எழுந்து நடக்கவைத்தல், தண்ணீர் கொடுத்தல், கண்ணாடியும் காது கருவியும் அணிவித்தல், இரவில் தூங்கவிடுதல் ஆகியவற்றால் டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. நம் வார்டில் ஒரு மகளால் செய்ய முடியாதது இவற்றில் எதுவுமில்லை.

கையைக் கட்டிலோடு கட்டுவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. கட்டப்பட்டவர் இன்னும் மூர்க்கமாகப் போராடுவார், தோல் கிழியும், குழப்பம் கூடும். ஊசிக் குழாயை முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கலாம். பேண்டேஜ் சுற்றிக் கண்ணில் படாமல் வைக்கலாம். தேவை முடிந்தவுடன் சிறுநீர்க் குழாயை எடுத்துவிடும்படி தினமும் கேட்கலாம். கைக்கு வேலை கொடுப்பதும் பலிக்கும். பழகிய கைவேலை, பெயர்களும் நாட்களும் மறந்த பிறகும் நெடுநாள் நிற்கும். வலை பின்னி வாழ்ந்தவரிடம் நைலான் வலைத்துண்டு ஒன்றையும், மாமல்லபுரத்துச் சிற்பியிடம் வழவழப்பான கல் ஒன்றையும் கொடுத்துப் பார்க்கலாம். அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

வெளியேறுதல்

செங்கல்பட்டு மருத்துவமனை ஜிஎஸ்டி சாலையில் உள்ளது. ஊரில் ரயில் சந்திப்பும் இருக்கிறது. 'வீட்டுக்குப் போகணும்' என்று வாசலைத் தாண்டுபவருக்கு இரண்டுமே ஆபத்து. சட்டைப்பையில் வைத்த சீட்டு தொலைந்துவிடும். தொலைபேசி எண்ணை உடையின் உள்பக்கம் எழுதுவதோ தைப்பதோ நல்லது. காலையில் அன்றைய உடையோடு செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால், காணாமற்போனால் காவலர்களிடம் காட்ட உதவும். அவசர உதவிக்கு 112, முதியோருக்கான உதவி எண் 14567.

சம்மதமும் சட்டமும்

ஆரம்பநிலை மறதி நோயாளிகள் பலரால், எளிய சொற்களில் விளக்கினால், தங்கள் சிகிச்சையைத் தாங்களே முடிவுசெய்ய முடியும். அவரை விட்டுவிட்டு மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்குவது தவறு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்காகப் பேசும் பிரதிநிதி ஒருவரை முன்பே நியமிக்க இடம் தருகிறது. உயிர்காப்புக் கருவிகள் குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ அதைச் செய்யலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே தொடக்கம். கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு, அண்ணாநகரில் டெம்கேர்ஸ் என்னும் மறதி நோய்ச் சேவையை நடத்துகிறது. டெலிமானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம்.

வீடு திரும்பிய பின்

டிஸ்சார்ஜ் சீட்டில் புதிய மருந்து எது, நிறுத்தியது எது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் மட்டும் தேவைப்பட்ட தூக்க மாத்திரை வீட்டிலும் மாதக்கணக்கில் தொடர்வது விழுதலுக்கு ஒரு காரணம். முதல் சில இரவுகள் விளக்கு எரியட்டும், கழிப்பறைக்குப் போகும் வழியில் பாயும் பாத்திரமும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் நடந்ததைச் சொல்லலாம். டெலிரியம் தெளியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதற்குப் பிறகும் பழைய நிலை திரும்பவில்லை என்றால் மறதி நோயின் அளவை மருத்துவர் புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.