வண்டி யார் பெயரில்?

1997-இல் ஒரு பேருந்தின் நெற்றியில் எழுதிய பெயருக்காகத் தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. அவர் ஓட்டப்பிடாரத்தை அடுத்த கவர்னகிரிக்காரர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான்.

இன்று தூத்துக்குடி துறைமுகச் சாலையில் நின்று பாருங்கள் தோழர்களே. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்களில் சிலவற்றின் கண்ணாடியில் அண்ணல் அம்பேத்கர் படம் இருக்கும். மகிழ்ச்சிதான். ஆனால் நான் கேட்பது வேறு. அந்தப் படத்தை ஒட்டியவர் டிரைவரா, உரிமையாளரா? உரிமையாளர் என்றால், அந்தச் சரக்குக்கான வாடகை பில் யார் பெயரில் போகிறது?

நெற்றியில் ஒரு பெயர், ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர். இந்த மூன்றும் ஒன்றாகும் நாள்தான் விடுதலை நாள். அது ஏன் இன்னும் தள்ளியே நிற்கிறது என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே வரலாறு இருக்கிறது.

கடன் சங்கிலியாக இருந்த காலம்

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் ரயில் பாதையில் தட்டப்பாறை என்று ஒரு சிறிய நிலையம் உண்டு. மண்டபம் முகாம் வருவதற்கு முன்பு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து அனுப்பிய முகாம் அங்கே இருந்தது. அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தில் பயணம் தொடங்கும். அந்தக் கடனைத் தோட்டத்தில் ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் உள்ள கடனை அடைக்கிற தோட்டத்துக்குத்தான் ஒரு குடும்பம் மாற முடியும். 1921-இல்தான் இந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

நம் முன்னோருக்குக் கடன் கிடைக்காமல் இல்லை. கிடைத்தது. ஆனால் அது உடலின் மேல் எழுதிய கடன். அதைக் கொண்டு அவர்கள் ஒரு மாட்டு வண்டிகூட வாங்கிவிட முடியாது.

கடலிலும் கணக்கு இதைப் போலத்தான். வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில் மூச்சடக்கி மூழ்கியவர்களின் தரப்புக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. அந்த ஒரு பங்கிலும் தோணிக்காரருக்குத் தனிப் பங்கு உண்டு. உழைப்பவருக்கு ஒரு கணக்கு, கலம் வைத்திருப்பவருக்கு இன்னொரு கணக்கு. துறைமுக வட்டாரத்தில் இந்த விதி இன்றுவரை மாறவில்லை. கலம் மட்டும் மாறியிருக்கிறது.

தோணியிலிருந்து லாரிக்கு

பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சும். தோணிகள் போய்ச் சரக்கை எடுத்து வரும். புதிய துறைமுகம் கட்டப்பட்டு, 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் தளத்திலேயே வந்து நின்றது. நிலக்கரி, உரம், உப்பு, மரத்தடி எல்லாம் லாரிக்கு மாறின.

இந்த மாற்றத்தில் நம்மவர்களுக்கு வழி திறந்தது உண்மை. சுமை தூக்கியவரின் மகன் கிளீனராக ஏறினார். கிளீனர் டிரைவரானார். துணிந்தவர்கள் பழைய லாரி ஒன்றைத் தவணையில் எடுத்தார்கள். இரண்டு அச்சு, ஆறு சக்கரம், ஒரே உடலாக இருக்கும் லாரி. கடன் இருந்தாலும் உப்பளத்திலிருந்து ஒரு நடை, உரக் கிடங்கிலிருந்து ஒரு நடை என்று ஓட்டிப் பிழைக்க முடிந்தது.

அந்த டிரைவர் இருக்கைக்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள். எட்டாம் வகுப்பு தேறாதவருக்குச் சரக்கு வண்டி உரிமம் கிடையாது என்று மத்திய மோட்டார் வாகன விதி சொன்னது. பள்ளிக்கூடத்தை நமக்கு எட்டாமல் வைத்த சமூகமே பிறகு சான்றிதழைக் காட்டு என்றது. 2019-இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது.

பெட்டி வந்தது

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் ஐடியல்-எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு புறப்பட்டது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன். 1930களில் ஒரு பழைய லாரியை ஓட்டத் தொடங்கியவர். அவருக்கு மூளை இருந்தது, சரி. கப்பல் வாங்கக் கடன் கொடுக்க ஒரு வங்கியும் இருந்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

தூத்துக்குடியில் முதல் கன்டெய்னர் முனையம் 1999-இல் செயல்படத் தொடங்கியது. இரண்டாவது 2014-இல், மூன்றாவது 2024 செப்டம்பரில். ஒவ்வொரு முனையம் வந்தபோதும் ஆறு சக்கர லாரிக்காரரின் வேலை சுருங்கியது. காரணம் எளிய கணக்கு. 2018 வரை இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு, வண்டியையும் சேர்த்து, 16.2 டன். சரக்கு நிரம்பிய 20 அடிப் பெட்டி ஒன்றே 24 டன் வரை வரும். 40 அடிப் பெட்டியை அந்த லாரியில் வைக்கவே இடமில்லை. அதற்கு டிரெய்லர் வேண்டும்: இழுக்கும் எஞ்சின் வண்டி தனி, பெட்டி உட்காரும் தளம் தனி. அந்த வகைக்கு 49 டன்னாக இருந்த உச்ச வரம்பை 2018-இல் 55 டன்னாக உயர்த்தினார்கள். பெரிய வண்டி வைத்திருந்தவருக்கு லாபம் மேலும் கூடியது.

ஓட்டும் வித்தையும் வேறு. பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். நம் பையன்கள் இதைச் சில மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள். ஆக, தடை திறமையில் இல்லை. முன்பணத்தில் இருக்கிறது.

யாருக்கு வங்கி இருந்தது?

இதே தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. நாடார்களும் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான். 1899-இல் சிவகாசியில் இரத்தம் சிந்தியவர்கள்தான். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, பள்ளி கட்டினார்கள், நிறுவனங்களை எழுப்பினார்கள். அதைப் பொறாமையோடு பார்க்க வேண்டாம், பாடமாகப் படிப்போம். ஆனால் மகமை ஒதுக்க முதலில் ஒரு கடை வேண்டும். பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர் எதிலிருந்து ஒதுக்குவார்?

நாம் சேர்த்தபோது என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் காவல் படை புகுந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்து வாங்கிய பொருள்களை உடைத்தார்கள். கடவுச்சீட்டுகளையும் சான்றிதழ்களையும் எரித்தார்கள். குறி வைத்தது வெறும் பொருளுக்கு அல்ல. அடுத்த படிக்கு ஏற உதவும் தாள்களுக்கு.

இந்தியா முழுவதும் 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில்கள் 9.8 விழுக்காடுதான். மக்கள் தொகையில் நம் பங்கு 16 விழுக்காட்டுக்கு மேல்.

இரண்டாம் படி

திட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. தாட்கோ 1974 முதல் இருக்கிறது. 2016-இல் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. ஆனால் அது முதல்முறை தொழில் தொடங்குகிறவருக்கு மட்டும். 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த 2 கோடி ரூபாய்க் கடனும் முதல்முறை முனைவோருக்குத்தான்.

இங்கேதான் கோளாறு. பத்து வருடம் லாரி ஓட்டி, டியூ கட்டி முடித்து, டிரெய்லருக்கு ஏற நினைக்கும் ஒருவர் 'முதல்முறை' ஆள் இல்லை. தொழில் தெரிந்தவர், கடனைத் திருப்பிக் கட்டிக் காட்டியவர் என்பதே அவருக்குத் தகுதிக் குறைவாகிவிடுகிறது! நம்மைத் தொடக்கக்காரராகவே வைத்திருக்க விரும்பும் பரிவு இது. தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இந்த இடத்தில் மாறுபடுகிறது. தொழிலை விரிவாக்குகிறவருக்கும் 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். சொந்த முன்பணம் கேட்பதில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஊரில் லாரி வைத்திருக்கும் அண்ணன்களிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

வண்டி வந்த பிறகும் மூன்றாவது பெயர் மிச்சம் இருக்கிறது. டீசலுக்கு உடனே பணம், டோலுக்கு உடனே பணம்; வாடகை மட்டும் புக்கிங் ஆபீஸ் தரும்போதுதான். ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருப்பதால் வரும் வினை இது. டியூ தவறினால் ஆட்களை அனுப்பி வண்டியை இழுத்துப் போகும் வழக்கத்தை 2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதைத் தெரிந்து வையுங்கள். உத்யம் பதிவு செய்த சிறு உரிமையாளருக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதையும் தெரிந்து வையுங்கள்.

ஒரு வண்டிக்காரர் தனியாக ஒப்பந்தம் கேட்டால் எந்த ஏற்றுமதியாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். பத்து வண்டிக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பதிவும் எடுத்துவிட்டால் பில் அவர்கள் பெயரிலேயே போகும். நமக்கான மகமை அங்கே தொடங்கலாம்.

அன்று பேருந்தின் நெற்றியிலிருந்து நம் பெயரை அழித்தார்கள். ஆர்.சி. புத்தகத்திலும் பில்லிலும் ஏறிய பெயரை அப்படி எளிதில் அழிக்க முடியாது. அடுத்த முறை டிரெய்லரில் அம்பேத்கர் படம் பார்த்தால் கையசையுங்கள். பிறகு டீக்கடையில் உட்கார வைத்துக் கேளுங்கள்: அண்ணே, வண்டி யார் பெயரில்?

ஜெய் பீம்.