தேவாலா – பந்தலூர் தங்கச் சுரங்கங்கள்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தங்கச் சுரங்கங்கள் வெட்டப்பட்டன. அக்காலத்தில் தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இப்பகுதி, 1877இல் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைக்கப்பட்டது.

இங்குள்ள அடிப்பாறை மிகப் பழமையான நைஸ் வகையைச் சேர்ந்தது. அதன் வெடிப்புகளில் குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல், நரம்புபோல் ஓடுகிறது. தங்கம் இருப்பது இந்த நரம்புகளில்தான். அதுவும் பெரும்பாலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத்தோடு கலந்தே இருக்கிறது. மழை மிகுந்த மலையில், தரைக்கு அருகிலுள்ள பைரைட் சிதைந்து துருவாகிவிடும். அதற்குள் சிக்கியிருந்த தங்கத்துகள் விடுபடும். ஆகவே மேலே எடுக்கும் கல் தாராளமாகத் தங்கம் காட்டும். ஆழத்திலோ பைரைட் சிதையாமல் இருக்கும்; பாதரசம் அதிலுள்ள தங்கத்தை எளிதில் பற்றாது. பின்னாளில் வந்த பணக்காரர்கள் பலரும் அறியாதது இதைத்தான்.

ஐரோப்பியர் வருமுன்பே பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினர் ஓடை மணலை மரத்தட்டில் அரித்தும், மலைச்சரிவில் குழி தோண்டியும் பொன் எடுத்துவந்தனர். அந்தப் பழங்குழிகளே காப்பித் தோட்டக்காரர்களின் கண்ணில் பட்டன. 1874இல் தேவாலா அருகே ஆல்பா கம்பெனி வேலையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறை அதிகாரியாக இருந்த பிரௌ ஸ்மித்தை அரசு வரவழைத்தது. 1879–80இல் வெளிவந்த அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. அவ்வளவுதான்! ஓரிரு ஆண்டுகளில் இலண்டனிலும் இந்தியாவிலுமாகச் சுமார் 40 கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் பெயரளவு மூலதனம் ஏறத்தாழ 50 இலட்சம் பவுண்டு.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு சுரங்கத்துக்குள் இறங்கவே இல்லை. இலை நோயால் நலிந்த காப்பித் தோட்டங்களைத் தங்க நிலம் என்று சொல்லிக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். கல்லை நொறுக்கும் இயந்திரங்கள் மலையேறி வந்து ஓடத் தொடங்கியபோது, கிடைத்த தங்கம் செலவுக்கே போதவில்லை. 1880களின் நடுவிலேயே பெரும்பாலான கம்பெனிகள் மூடப்பட்டன. அதே காய்ச்சலில் கோலாரிலும் பணம் கரைந்தது. ஆனால் மைசூர் கம்பெனி மனம் தளராமல் வெட்டி வளமான நரம்பைக் கண்டது. அங்கே 2001 வரை தங்கம் எடுக்கப்பட்டது. வயநாட்டில் தோற்றதற்குப் பொறுமையின்மை மட்டும் காரணமல்ல. 1901இல் ஹேடனும் ஹாட்ச்சும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக இங்கே ஆராய்ந்தபோது, கல்லிலுள்ள தங்கம் இலாபத்துக்குப் போதாது என்பதே முடிவாயிற்று.

சுரங்க நிலங்களில் பிறகு தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்கள் இப்பகுதித் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பழைய குழிகள் பல இன்னும் மூடப்படாமல் புதரடியில் கிடக்கின்றன. தோட்டக்கூலி போதாதவர்கள் சட்டத்துக்குப் புறம்பாக அவற்றுள் இறங்கிக் கல்லெடுத்து, வீட்டில் இடித்து, பாதரசம் சேர்த்துப் பொன் பிரிக்கிறார்கள். மண் சரிந்து, ஏறிவராமல் போனவர்களும் உண்டு.