அடையவளைந்தானும் கோட்டையும்

ஸ்ரீரங்கத்தின் வெளிமதிலை ஒட்டிய தெருவுக்கு அடையவளஞ்சான் வீதி என்று பெயர். பெருமாளை அடைவதற்கு வளைந்து வளைந்து போகவேண்டிய வீதி என்பதால் அப்பெயர் வந்ததாம். வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் அங்கே ஒருவர் இப்படி விளக்கிக்கொண்டிருந்தார். பக்தியால் சொல்வதென்றாலும் பிழை பிழைதான்.

அடையவளைந்தான் என்பதே முழு வடிவம். ஐந்து அஞ்சு ஆவதுபோல வளைந்தான் வளைஞ்சான் ஆகி, பிறகு வளஞ்சான் ஆயிற்று. அடைய என்றால் முழுவதும். திருவாய்மொழியின் உரையான ஈட்டைப் புரட்டியவர்களுக்கு இந்த ஆட்சி புதிதல்ல. வளைந்தவன் அடியவன் அல்லன், மதில். ஊர் முழுவதையும் சுற்றி நிற்பதால் மதில் பெற்ற பெயரைத்தான் வீதி வாங்கிக்கொண்டது.

ஏழு சுற்று மதில்கள், 156 ஏக்கர், வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் குடித்தனமும். இப்படி மதிலுக்குள் உயிரோடிருக்கும் இடைக்கால ஊர் நம்மிடம் வேறு எங்கே இருக்கிறது? 1752இல் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கத் தீவில் கோயில் மதில்களையே அரணாகக் கொண்டன. ஆனாலும் இதைக் கோட்டை என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பிராகாரம் என்று திருத்துகிறார்கள். வடமொழியில் பிராகாரம் மதிலைக் குறிக்கும். நாம் அதை மதில்களுக்கு இடையே நடக்கும் வழிக்கு ஆக்கிவிட்டோம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகை கல்வெட்டிலேயே இருக்க, சுற்று என்ற சொல்லை ஏன் கைவிட்டோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இனிக் கோட்டைக்கு வருகிறேன். அது வடமொழி ‘கோட்ட’ என்பதன் திரிபு என்று இன்றும் எழுதுகிறார்கள். ராஜ்கோட், பதான்கோட், சியால்கோட் என்று வடக்கே ஊர்ப்பெயர்களை அடுக்குகிறார்கள். அடுக்கட்டும். இருக்கு வேதம் அரணைப் ‘புர்’ என்கிறது. பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் கோட்டைக்குத் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு மட்டுமல்லாமல் நீலகிரியின் கோத்தர், தோடர் பேச்சுகளிலிருந்தும் இனச்சொல் காட்டுகிறார்கள். இரவல் சொல் நீலகிரி உச்சிவரை ஏறி ஒரு குடும்பமாகப் பெருகியது என்பதை நான் நம்பமாட்டேன்.

வேர் கோடு, வளைதல், சாய்தல் என்று பொருள். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கோடாமையைச் சொல்கிறார், கோட்டத்தையும் சொல்கிறார். வளைத்து அடைத்த இடமும் கோட்டமே. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. வேட்டத்தின் பக்கத்தில் வேட்டை நிற்பதுபோல், கோட்டத்தின் பக்கத்தில் கோட்டை.

சங்கப் பாடல்கள் எயில், மதில், இஞ்சி, புரிசை என்றல்லவா பேசுகின்றன, கோட்டை பிற்பாடு பெருகிய சொல்லாயிற்றே என்பார்கள். இருக்கட்டும். புரிசைக்கு வேர் என்ன? புரி, முறுக்கு, சுருள். வலம்புரிச் சங்கில் இருக்கும் அதே புரி. சொல் மாறினாலும் கருத்து மாறவில்லை. எயிலை ‘எய்’ என்பதோடு சேர்த்து அம்பெய்யும் இடம் என்போர் உண்டு. அந்த வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை.

எனக்குப் பெரிய சான்று ஏட்டில் இல்லை, வயலில் இருக்கிறது. விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து, வைக்கோல் புரியால் சுற்றி இறுக்கிக் கட்டிவைப்பார்கள். அதன் பெயர் விதைக்கோட்டை. தென்மாவட்டங்களில் நெல்லை அளந்ததும் கோட்டைக் கணக்கில்தான். அங்கே அரசன் உண்டா, அகழி உண்டா, கொத்தளம் உண்டா? சுற்றிக் கட்டியதால் கோட்டை, அவ்வளவே. நிலவைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் “நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்” என்று சொல்லும் பாட்டியும் வடமொழி அகராதியைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அரணைக் குறிக்கும் சொல்லை வைக்கோல் கட்டுக்கு இரவல் தந்தார்கள் என்பவர்கள் உழவன் வாயில் எந்தச் சொல் முதலில் பிறந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

கோட்டையும் புரிசையும் அடையவளைந்தானும் மூன்று வேரிலிருந்து கிளம்பி ஒரே செயலைச் சொல்கின்றன. தமிழன் மதிலுக்குப் பெயரிட்டபோது அதன் உயரத்தைப் பார்க்கவில்லை, அது சுற்றி வந்ததைப் பார்த்தான். ‘கோட்ட’ நம்மிடமிருந்து வடக்கே போன சொல். அதைத் திருப்பித் தந்ததாகச் சொல்லும் அகராதி எதையும் நான் ஏற்கப்போவதில்லை.