பிளாட்டர் வீட்டுப் பிரயாணங்கள்

ஐரோப்பியச் சரித்திரத்தில் பிரபுக்களின் பிரயாணங்களுக்கு ஏராளமான இடம் உண்டு. இங்கிலாந்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆசானும் ஏவலாளரும் உடன்வரப் பாரிஸுக்கும் ரோமுக்கும் சென்று, சித்திரங்களையும் சிலைகளையும் வாங்கிக்கொண்டு திரும்பிய கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே சாலைகளில், அவர்களுக்குப் பல தலைமுறைகள் முன்பே, மடியில் காசில்லாத வித்தியார்த்திகள் இருவர் மூவராகச் சேர்ந்து, நடந்தும் மட்டக்குதிரை ஏறியும், ஊர் ஊராகப் போய்ப் படித்தார்கள் என்பது அவ்வளவு விரிவாகச் சொல்லப்படுவதில்லை. ஏழையினுடைய பிரயாணம் ஏட்டில் ஏறுவது அரிதல்லவா? ஸ்விட்ஸர்லாந்தில் பாசல் நகரத்தில் வாழ்ந்த பிளாட்டர் குடும்பம் இதற்கு ஒரு விலக்கு. அந்தக் குடும்பத்தில் தந்தையும் இரண்டு பிள்ளைகளுமாக மூவர், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவரும் நடுவில் ஒருவரும் முடிவில் ஒருவருமாக, கல்வியின் பொருட்டு அயல்நாடு சென்று, தாம் கண்டதையும் உண்டதையும் பட்ட பாட்டையும் எழுதி வைத்தார்கள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில், குறைந்த செலவில் தேசாந்தரம் போகும் வழக்கம் ஒரே நூற்றாண்டுக்குள் எத்தனை வேஷம் மாறியது என்பது தெரிகிறது. பிரயாணியின் சிக்கனத்தைப் பலரும் மெச்சுகிறார்கள்; அவன் செலவழிக்காத பணத்தை அவனுக்காக யார் செலவழித்தார் என்று கேட்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

மூத்தவர் தாமஸ் பிளாட்டர், 1499-ஆம் ஆண்டில் வாலிஸ் மலைநாட்டில் கிரேஹென் என்ற சிற்றூரில் பிறந்தவர். நினைவு தெரியாத பருவத்திலேயே தந்தை கொள்ளைநோயில் மாண்டார்; தாய் மறுமணம் செய்துகொண்டாள்; பிள்ளை ஆடு மேய்க்கப் போயிற்று. எழுத்தறிவு பெறட்டும் என்று உறவினரான ஒரு பாதிரியாரிடம் விட்டார்கள். அவர் கற்பித்ததைக் காட்டிலும் அடித்ததே அதிகம். அந்தச் சமயத்தில் ஜெர்மனியின் பள்ளிகளிலே சுற்றித் திரிந்துவிட்டு ஊருக்கு வந்திருந்த பவுலுஸ் என்ற உறவினன், சிறுவனைத் தன்னோடு அழைத்துச் சென்று படிக்க வைப்பதாக வாக்களித்தான். படிக்க வைப்பது என்பதற்குப் பவுலுஸ் கொண்டிருந்த அர்த்தம் கொஞ்ச நாளில் விளங்கிவிட்டது.

அக்காலத்து ஜெர்மானிய தேசங்களில் நாடோடி மாணாக்கர் கூட்டம் ஒன்று சாலைகளில் எப்போதும் நடந்துகொண்டே இருந்தது. வயதில் மூத்தவர்களுக்குப் பாக்கண்டுகள் என்று பெயர். ஒவ்வொரு பாக்கண்டுக்கும் ஷூட்ஸ் எனப்பட்ட சிறுவன் ஒருவனோ இருவரோ கைத்தடிபோல் உடன் இருப்பார்கள். ஊருக்குள் நுழைந்ததும் சிறுவன் வீடு வீடாகச் சென்று பாடியோ அழுதோ பிக்ஷை எடுத்துவர வேண்டும், எடுத்துவந்ததை மூத்தவன் தின்பான், மிஞ்சினால் சிறுவனுக்கு. வழியில் அகப்படும் வாத்துக்களின்மேல் கல்லெறிந்து பிடித்துவருவதும் சிறுவனுடைய வித்தையில் அடங்கும். வெளியே போன சிறுவன் ஏதேனும் வாயில் போட்டுக்கொண்டானா என்று அறிய, வெந்நீரால் வாயைக் கொப்புளிக்கச் சொல்லி, உமிழ்ந்த நீரைச் சோதித்துப் பார்த்த பாக்கண்டுகளும் உண்டு. நாவும்பர்க், டிரெஸ்டன், பிரெஸ்லாவ், உல்ம், மியூனிக் என்று தாமஸ் போன ஊர்களை ஒரு படத்தில் குறித்தால் மத்திய ஐரோப்பாவில் பாதி வந்துவிடும். அவ்வளவு தூரம் சென்ற பிள்ளை, பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில் ஆல்ஸாஸில் ஷ்லெட்ஸ்டாட் என்ற ஊர்ப் பள்ளியில் சேர்ந்தபோது, ஆரம்ப இலக்கணத்தையே வாசிக்கத் தெரியாமல் குழந்தைகளோடு உட்கார வேண்டியிருந்தது என்றால், பிரயாணத்தால் அறிவு விசாலிக்கிறது என்ற சித்தாந்தத்தைச் சற்றே நிதானித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரெஸ்லாவ் நகரத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது நிரம்ப விசேஷமானது. இன்று போலந்தில் இருக்கும் அந்நகரத்தில் அப்போது ஏழு திருச்சபை வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளி. ஒரு வட்டத்து மாணாக்கன் மற்றொரு வட்டத்தில் போய்ப் பிக்ஷை கேட்டால் அங்குள்ள பையன்கள் கூடி அடித்துத் துரத்துவார்கள். மாணாக்கருக்கென்று தனியாக ஒரு வைத்தியசாலை இருந்தது. குளிர்காலத்தில் சிறுவர்கள் பள்ளிக்கூடத்துத் தரையில் கிடப்பார்கள். வேனிற்காலத்தில் மாதாகோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், புல்லைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் உறங்குவார்கள். மழை வந்தால் பள்ளிக்குள் ஓடுவார்கள். பேன் தொல்லை சொல்லி முடியாது. நம் ஊர்களில் வாரச் சாப்பாடு உண்டு படித்து முன்னுக்கு வந்த பெரியோர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அதில் கிழமைக்கு ஒரு வீடு என்ற நிர்ணயமாவது உண்டு, இலை போடுகிற அம்மாளுக்குப் பிள்ளையின் பெயராவது தெரியும். பிரெஸ்லாவில் வாசல் நிச்சயமில்லை, முகம் பழக்கமில்லை, பெற்ற கவளமும் பெற்றவனுக்கு உரியதில்லை. இருந்தும் ஒரு நகரமே தன்னை அறியாமல் நூற்றுக்கணக்கான அந்நிய தேசத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்பதை மறுக்க இயலாது. உல்ம் நகரத்தில் தெருநாய்களிடமிருந்து எலும்பைப் பிடுங்கிக் கடித்ததையும், பள்ளித் தரையின் பிளவுகளில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கித் தின்றதையும் எழுதுகிற அதே தாமஸ், குளிரில் விறைத்த தம் கால்களைப் பழைய கம்பளிரோமத்தில் சுற்றிக் காய வைத்த கைம்பெண் ஒருத்தியையும் மறவாமல் எழுதியிருக்கிறார்.

பின்னர் அவர் பவுலுஸிடமிருந்து தப்பி ஓடினார். ஸூரிக் நகரத்தில் கல்வி கைகூடியது. கயிறு திரித்துக்கொண்டே ஹீப்ரு மொழி கற்பித்தார். பாசலில் அச்சுக்கூடம் வைத்துக் சமயச் சீர்திருத்தக்காரர் கால்வினுடைய பிரசித்தமான சமய நூலின் முதற்பதிப்பை 1536-இல் அச்சிட்டார். முடிவில் அந்நகரத்துப் பள்ளிக்குத் தலைவரானார். வீடுகளும் நிலமும் வாங்கினார், எல்லாம் கடனில். கடனை அடைக்க வீட்டில் பல மாணாக்கரை வைத்துப் பணம் பெற்றுச் சோறு போட்டார். இந்தப் பந்திதான் அடுத்த பிரயாணத்துக்கு மூலதனம்.

1536-ஆம் ஆண்டு பாசலில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. ஜூலை மாதத்தில் பண்டிதர் எராஸ்மஸ் அங்கே காலமானார். அக்டோபரில் தாமஸுக்குப் பெலிக்ஸ் என்ற பிள்ளை பிறந்தான். 1987 முதல் ஐரோப்பிய நாடுகள் தம் மாணாக்கரை ஒன்றுக்கொன்று அனுப்பிப் படிக்க வைக்கும் திட்டத்துக்கு எராஸ்மஸின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெயர் பெரிதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மாணாக்கரைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒரு மனிதரின் பெயர் வேண்டுமென்றால் என்னுடைய வாக்கு பெலிக்ஸ் பிளாட்டருக்கே. அவன் வைத்தியம் படிக்க விரும்பினான். வைத்தியத்துக்குப் பேர்போன இடம் பிரான்ஸின் தெற்கே மோம்பெலியே நகரம். ஆண்டுக்கணக்கில் அங்கே உணவுக்கும் இடத்துக்கும் கொடுக்கக் கடனாளித் தந்தையிடம் ரொக்கம் இல்லை. ஆகவே அக்காலத்து நடுத்தரக் குடும்பங்களிடையே வழங்கிய ஒரு முறையைத் தாமஸ் கையாண்டார். மோம்பெலியேயில் லொரான் கத்தலான் என்ற மருந்து வணிகர் தம் பிள்ளைகளை ஜெர்மானிய தேசத்தில் படிக்க வைக்க எண்ணியிருந்தார். உன் பிள்ளை என் வீட்டில் உண்ணட்டும், என் பிள்ளை உன் வீட்டில் உண்ணட்டும் என்பதே உடன்படிக்கை. பணம் எல்லை தாண்ட வேண்டியதில்லை. நாணய மாற்றில் நஷ்டமில்லை. ஏற்கெனவே பலருக்கு உலை வைக்கும் தாமஸின் அடுப்புக்கு இன்னொரு வயிறு பெரும் பாரமுமில்லை. இதில் எழுதப்படாத வேறொரு நயமும் உண்டு: தன் பிள்ளை மற்றவன் கையில் இருக்கும்போது, தன்னிடம் உள்ள பிள்ளையை எவனும் பட்டினி போட மாட்டான். பந்தி என்று பெயரே ஒழிய, அது ஒருவகைப் பிணையும்கூட.

1552 அக்டோபர் 10-ஆம் தேதி, இன்னும் பதினாறு நிரம்பாத பெலிக்ஸ் ஒரு மட்டக்குதிரையில் புறப்பட்டான். மாற்றுச் சட்டைகள் சிலவற்றை மெழுகுத்துணியில் சுற்றிக் கொடுத்து, பொற்காசுகள் சிலவற்றை மேலங்கிக்குள் தைத்து அனுப்பினார் தந்தை. துணைக்கு வந்தவர் தாமஸ் ஷோப்ஃப். பாசலில் பள்ளி ஆசிரியராயிருந்து, முப்பது வயதுக்குமேல் வைத்தியம் படிக்கக் கிளம்பியவர். பிற்காலத்தில் பெர்ன் நகரத்து வைத்தியராகி, 1578-இல் வெளியான அந்நாட்டின் பெரிய தேசப்படம் ஒன்றை வரைந்தவரும் அவரே. லோஸான் நகரத்துக்கு முன்னுள்ள ஸோரா காட்டில் மழையிலும் மூடுபனியிலும் வழி தப்பி, மெஸியேர் என்ற ஊரில் ஓர் எளிய சத்திரத்தில் ஒதுங்கினார்கள். அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களின் பார்வை சரியாயில்லை. கட்டிலைக் கதவோடு நகர்த்தி அடைத்து, உருவிய வாளோடு இரவெல்லாம் விழித்திருந்து, விடியுமுன்னே சந்தடியில்லாமல் குதிரை ஏறினார்கள். பெர்ன் நகரத்தில் பின்னாளில் தண்டனை பெற்ற கொள்ளைக்காரன் ஒருவன், மெஸியேரில் சில மாணாக்கரைக் கொல்ல எண்ணியிருந்ததை ஒப்புக்கொண்டானாம். மலிவான சத்திரத்துக்கு எக்காலத்திலும் ஒரு மறைமுக வாடகை உண்டு போலும்.

ஜெனீவாவில் தந்தையின் கடிதத்தோடு கால்வினைக் கண்டார்கள். அவர் மோம்பெலியேக்குப் போகும் அறுவை வைத்தியர் ஒருவரையும் துணை சேர்த்து அனுப்பினார். அவிஞ்ஞோன் நகரத்தில் படகோட்டிகள் நிறைந்த ஒரு சத்திரத்தில் தங்கியபோது பையனுக்கு வீட்டு ஞாபகம் பொறுக்கமுடியாமற் போயிற்று. லாயத்துக்குச் சென்று, தன் ஊரிலிருந்து வந்த ஒரே ஜீவனாகிய குதிரையைக் கட்டிக்கொண்டு அழுதான். அக்டோபர் 30-ஆம் தேதி மோம்பெலியே போய்ச் சேர்ந்தார்கள்.

கத்தலான் வம்சத்தினர் ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள். வெளிக்குக் கிறிஸ்தவராக மாறியவர்கள். கத்தோலிக்க அரசனுடைய ராஜ்யத்தில், யூத மரபினர் வீட்டில், புராட்டஸ்டண்டுப் பிள்ளை ஒருவன் நான்கு ஆண்டுகளுக்குமேல் ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தான் என்பது, மதத்துக்காக மனிதரைக் கொளுத்திய அந்த நூற்றாண்டில் சாமானியமானதல்ல. பெரியோர்களின் உபதேசத்தால் விளையாத அந்தச் சகிப்பு, சோற்றுக் கணக்கால் விளைந்தது. வெண்ணெயில் சமைத்து உண்டு பழகிய பெலிக்ஸ் ஆலிவ் எண்ணெய்ச் சமையலுக்கு மெல்ல வசப்பட்டான். தவக்காலத்தில் முட்டை விலக்கு. அவனோ தன் அறைக்குள் தணலின்மேல் காகிதத்தை வைத்து, அதில் வெண்ணெய் உருக்கி முட்டை சுட்டுத் தின்று, ஓடுகளை ஒளித்து வைத்தான். வேலைக்காரி ஓடுகளைக் கண்டெடுத்து எஜமானியிடம் காட்டிவிட்டாள். பகலில் ரோந்தெலே போன்ற பேராசிரியர்களின் பிரசங்கம், மாலையில் யாழ்போன்ற லூட் வாத்தியம், சில இரவுகளில் சிநேகிதர்களோடு மதிலுக்கு வெளியே போய்ப் புதைத்த பிணங்களைத் தோண்டியெடுத்து அறுத்துப் பார்க்கும் அங்க சாஸ்திரம் என்று காலம் கழிந்தது.

1557 பிப்ரவரியில் ஊர் திரும்பும்போது நேர்வழியை விட்டு, கொலோன் நகரத்துச் சிநேகிதனாகிய பிர்க்மன் என்பவனோடு குதிரையில் துலூஸ், போர்தோ, ஓர்லியான், பாரிஸ் என்று பிரான்ஸையே சுற்றினான். வித்தியார்த்தி ஒருவன் படிப்பு முடிந்த கையோடு சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகும் பிரயாணத்தின் சாயல் முழுவதும் இதில் இருக்கிறது: எங்கும் நெடுநாள் தங்குவதற்கில்லை, எதையும் விட்டுவிடவும் மனமில்லை. மே மாதத்தில் பாசல் சேர்ந்து, அவ்வாண்டிலேயே பட்டமும் பெற்று, மனைவியும் பெற்றான். பிற்பாடு அவர் அந்நகரத்தின் தலைமை வைத்தியராகிப் பெரும் செல்வம் சேர்த்தார். 1580-இல் இத்தாலிக்குப் போகும் வழியில் மோன்தேன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் அவர் வீட்டுக்கு வந்து, செடிகொடிகளை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்த தொகுதியைப் பார்த்து வியந்திருக்கிறார்.

பெலிக்ஸுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் தந்தை தாமஸ் முதுமையில் மறுமணம் செய்து, 1574-இல், எழுபத்தைந்து வயதில், தம் பெயரையே வைத்த ஒரு மகனைப் பெற்றிருந்தார். கிழவர் 1582-இல் காலமானபின் அந்தத் தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவர் பெலிக்ஸ்தான். ஆகவே இளைய தாமஸ் 1595-இல் மோம்பெலியேக்குப் புறப்பட்டபோது பிக்ஷையும் வேண்டியிருக்கவில்லை, பிள்ளைப் பரிமாற்றமும் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பை இருந்தது. நடை, தோரணை எல்லாம் மாறிவிட்டன. தந்தை எழுதியது பசியின் வரலாறு. அண்ணன் எழுதியது மனிதர்களின் வரலாறு. தம்பியின் ஏடுகளில் கோட்டைகளும் கோபுரங்களும் அவற்றின் அளவுகளும் நிரம்பியிருக்கின்றன. அவர் தெற்கு பிரான்ஸையும் ஸ்பெயினின் ஒரு பகுதியையும் பார்த்தார். பிறகு 1599-இல் இங்கிலாந்துக்குச் சென்று, நான்ஸச் அரண்மனையில் எலிஸபெத் ராணியைத் தரிசித்தார். உண்மையைச் சொன்னால் மூவரில் இவரிடம்தான் எனக்கு ஈடுபாடு குறைவு. ஆயினும் ஆங்கில இலக்கியப் பண்டிதர்கள் கொண்டாடுவது இவரைத்தான்: அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, பகலுணவுக்குப்பின் இரண்டு மணி சுமாருக்குத் தேம்ஸ் நதியைக் கடந்து, கூரை வேய்ந்த நாடகசாலை ஒன்றில் ஜூலியஸ் ஸீஸர் கதையை நடிக்கக் கண்டதாக எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியருடைய நாடகத்தின் காலத்தை நிர்ணயிக்க அந்தக் குறிப்பே முக்கியமான சான்று.

நாடகம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சமாகவும், என்ன விலை என்பதை விரிவாகவும் அவர் எழுதியதில், பிக்ஷை எடுத்த தந்தையின் இரத்தம் ஓடுவதைக் காண்கிறேன். தரையில் நின்று பார்க்க ஒரு பென்னி. உட்கார வேண்டுமென்றால் இன்னொரு கதவு, இன்னொரு பென்னி. மெத்தையிட்ட நல்ல ஆசனத்துக்கு மூன்றாவது பென்னி. நடிகர்களின் உடைகள் மிக விலையுயர்ந்தவை என்று வியந்து, அதற்கும் காரணம் விசாரித்து எழுதியிருக்கிறார்: பிரபுக்கள் இறக்கும்போது தம் சிறந்த ஆடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதி வைக்கிறார்கள், வேலைக்காரன் அதை உடுத்துவது தகாது, ஆகவே அவன் அவற்றை நாடகக்காரர்களுக்கு மலிவாக விற்றுவிடுகிறான்.