உப்பும் வெயிலும் கயிறும்

உலகம் சுற்றிய தமிழ்ச் சொற்களுள் 'கட்டுமரம்' தலையாயது. மேலை மொழிகளில் அது 'கேட்டமரான்' ஆயிற்று. மரங்களைப் பிணைத்த கயிற்றை மட்டும் நாம் மறந்துவிட்டோம். மரத்தைக் கலமாக்கியது அந்தக் கயிறுதான்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டுக் கரையில் இந்நினைவு எழுவது இயல்பு. 1610-இல் ஒல்லாந்தர் இங்கு வந்து பின்னர் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். அக்காலத்து ஐரோப்பியக் கப்பல்களின் சணல்வகைக் கயிறுகள் ஈரத்தில் அழுகாதிருக்கத் தார் பூசப்பட்டன. நம் பரதவரின் தென்னைநார்க் கயிற்றுக்கோ அத்தகைய காப்பு தேவைப்படவில்லை. உப்புநீரை அது நெடுநாள் தாங்கும். நன்னீரில் ஊறிக் கிடந்தால்தான் விரைவில் நைந்துபோகும். கரை திரும்பியதும் கட்டவிழ்த்து, மரங்களை மணலில் உலர்த்துவார்கள். கயிறும் உடன் காயும். கடலில் நனை, வெயிலில் காயவை என்பதே தலைமுறைகள் கற்ற பாடம்.

உயரம் ஏறுவோருக்கும் நாரே துணை. பனையேறியின் கால்களைப் பிணைக்கும் தளையும் நாரால் ஆனதே. ஐரோப்பிய மலையேறிகளும் சணல், மணிலா நார்க் கயிறுகளையே நம்பினர். 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக வென்று இறங்கும்போது, எட்வர்டு விம்பர் குழுவினரை இணைத்த கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்தது அவர்களிடமிருந்தவற்றுள் மெலிந்த, பழைய கயிறு. அதன் துண்டு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1935-இல் டூபாண்ட் நிறுவனத்தின் வாலஸ் கரோத்தர்ஸ் குழு நைலானைக் கண்டது. உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பானியர் வசமாக, மணிலா நார் வரத்து நின்றது. நைலான் கயிறு அவ்விடத்தை நிரப்பியது. 1953-இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம், உள்ளே இழைக்கட்டும் வெளியே பின்னிய உறையும் கொண்ட மலையேற்றக் கயிற்றை உருவாக்கியது. இன்று மலையிலும் ஆலையிலும் மனிதரைத் தாங்கும் கயிறுகள் பெரும்பாலும் இவ்வமைப்பினவே.

இங்குதான் நம் பழைய பாடம் தலைகீழாகிறது. நைலானை உப்பு அழுகச் செய்யாது. ஆனால் ஈரம் வற்றியபின் இழைகளுக்கிடையே தங்கும் உப்புத்துகளும் மணலும் ஒவ்வோர் அசைவிலும் இழைகளை அராவுகின்றன. எனவே நன்னீரில் அலசியே தீரவேண்டும். நீரின் வெப்பம் 30 பாகைக்கு மேற்படாமல், மென்மையான சோப்புக்கரைசலில் கழுவி, நுரை போகும்வரை அலசவேண்டும். வெளுப்புத்தூள் ஆகாது. வெயிலும் இனி நட்பன்று. புறஊதாக் கதிர் நாளடைவில் இழையை வலுவிழக்கச் செய்யும். முறுக்கிப் பிழியாமல், நிழலில், காற்றோட்டத்தில், தளர்வாக விரித்து உலர்த்தவேண்டும். ஈரத்தில் நைலானின் வலிமை பத்து விழுக்காட்டுக்கு மேலும் குறையக்கூடும். ஆகவே முற்றும் உலரும்வரை காத்திருத்தலும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

பழவேற்காட்டுக்கு மேற்கே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இப்பாடம் இன்னும் கூர்மை பெறுகிறது. உருக்காலைகள் நிறைந்த அத்தகைய இடத்தில், உயரத்தில் தொங்கி வேலை செய்பவரின் கயிறு கரி, எண்ணெய், இரும்புத்தூள் எல்லாவற்றையும் உண்கிறது. விரைவில் உலரட்டும் என்று உலைக்கருகே போடுவது தீங்கு. அதைவிடக் கொடியது அமிலம். மின்கலத்தின் அமிலமோ அதன் ஆவியோ பட்டால் நைலான் கண்ணுக்குத் தெரியாமலே வலுவிழக்கும். பாலியெஸ்டரை வன்காரங்கள் கெடுக்கும். இத்தகைய ஐயம் எழுந்த கயிற்றைக் கழுவி மீட்க முடியாது. அதை வெட்டி எறிவதே முறை. மீண்டும் எவரும் எடுத்துக் கட்டிவிடலாகாது.

தென்னைநார் நைந்தால் கையும் கண்ணும் சொல்லிவிடும். நைலானோ கடைசிவரை பளபளக்கும். அதனால்தான் ஒவ்வொரு கயிற்றுக்கும் வாங்கிய நாள், கழுவிய நாள், பட்ட அடி ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். நம் முன்னோர் தம் கயிற்றின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப அதைப் பேணினர். அவர்களிடமிருந்து நாம் பெறவேண்டியது அந்த அறியும் பழக்கத்தைத்தான். வெயிலில் காயவைக்கும் வழக்கத்தை அன்று. கயிறு மாறிவிட்டது, அதில் தொங்கும் உயிர் மாறவில்லை.