காசும் ‘கேஷும்’

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல், தமிழ்க் ‘காசு’ என்பதன் திரிபே என்பார் பலர். ஒலியும் பொருளும் ஒத்திருத்தலின் இக்கூற்று எளிதில் ஏற்கப்படுகின்றது. ஆயினும் அச்சொல் வந்த வழியை நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும்.

ஆங்கில அகராதியார் ‘கேஷ்’ என்னும் ஒரே வடிவில் இரு வேறு சொற்களைக் காட்டுவர். ரொக்கத்தைக் குறிப்பது இலத்தீன் ‘காப்சா’வின் வழிவந்த இத்தாலியக் ‘காஸ்ஸா’, பிரெஞ்சுக் ‘கெஸ்’ என்பவற்றோடு உறவுடையது. இவை யாவும் பெட்டியின் பெயர்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்த அச்சொல் பணப்பெட்டியையும் குறித்தது. பின்னர்ப் பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்திற்கே ஆயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். ‘கேஷியர்’ என்பானும் முதற்கண் பெட்டி காப்பவனே.

மற்றொரு ‘கேஷ்’ ஐயமின்றி நம் காசு. (காசு என்பதனையே வடமொழிக் ‘கர்ஷ’ என்பதன் திரிபு எனக் கருதுவாரும் உளர்; அது தனியே ஆராயற்பாலது.) போர்த்துகீசியர் இதனைக் ‘கைஷா’ என்றனர். அவர் மொழியில் அவ்வடிவம் பெட்டிக்கும் பெயராதலின், இரு சொற்களும் ஆங்கிலத்தை அடையுமுன்பே மயங்கத் தலைப்பட்டன எனலாம். ஆங்கிலேயர் அவர்வழிக் கொண்ட இப்பெயரைச் சீனரின் சதுரத்துளை நாணயத்திற்கும் இட்டு வழங்கினர்.

‘சுருட்டு’, ‘கட்டுமரம்’, ‘மிளகுதண்ணீர்’ ஆகியவை ஆங்கிலத்துட் சென்றமைக்குச் சான்று தெளிவாக உண்டு. ஐயப்பாடுடைய ஒன்றை இவற்றோடு சேர்த்தெண்ணின், உறுதியான இவற்றையும் பிறர் ஐயுறுவர்.

நம் காசு ஆங்கிலேயர் கணக்கேட்டில் நெடுங்காலம் வாழ்ந்தது. சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. எழுத்தர் பட்ட பாடு சொல்லவேண்டுவதில்லை. இக்கணக்கிற்கெனப் பர்மிங்காமை அடுத்த சோஹோ நாணயச்சாலையில் 1808-இல் பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் அடிக்கப்பெற்றன. அவற்றில் ‘கேஷ்’ என ஆங்கில எழுத்திலேயே பொறித்தனர். அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டினர்’ என்னும் கம்பெனிக் கப்பல், 1809 சனவரியில், இங்கிலாந்தின் கெண்ட் கரையை அடுத்த குட்வின் மணற்றிட்டில் உடைந்து மூழ்கியது. தமிழ்நாட்டுக் கடைத்தெருவிற்கென அடித்த அக்காசுகள் 1980-களில் இலக்கக் கணக்கில் அக்கடலினின்று எடுக்கப்பட்டன.