பட்டியலில் விட்டுப்போன படை

மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டுவிட்டு, “காக்கா வராம பார்த்துக்கோ” என்று ஒரு பையனை உட்கார வைக்கிறோம். காக்கா வரவில்லை, அணில் வருகிறது. “நீங்க காக்கான்னுதானே சொன்னீங்க” என்று அவன் சும்மா உட்கார்ந்திருந்தால் நாலு திட்டு விழும், இல்லையா? காக்கா என்று சொன்னது, வடாமைத் தின்ன வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். நம் இலக்கண உரைகளில் இதற்கு உபலட்சணம் என்று பெயர். அங்கேயும் உதாரணம் காக்கையும் சோறும்தான்.

சட்டத்தை இப்படி வாசிக்க முடியுமா என்பதுதான் இன்றைய அத்தியாயத்தின் கேள்வி. சட்டத்தில் ஐந்து பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால், எழுதாத ஆறாவதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று பொருள் கொள்வது நீதிமன்றங்களில் பழைய வழக்கம். அமெரிக்காவில் ஒரு புதிய படை பிறந்தபோது இது என்ன சிக்கலைக் கொண்டுவந்தது, அதற்கு முன்பு இதே மாதிரி சிக்கலில் யாரெல்லாம் மாட்டினார்கள் என்று பார்க்கலாம்.

அதே வேலை, வேறு படை

2019 டிசம்பர் 20. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்ட்ரூஸ் தளத்தில், அதிபர் டிரம்ப் பாதுகாப்புத் துறைக்கான வருடாந்திரச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். விண்வெளிப்படை பிறக்கிறது. 1947க்குப் பிறகு அங்கே உருவான முதல் புதிய படை இதுதான். பெயரைக் கேட்டதும் ராக்கெட்டில் ஏறிச் சண்டை போடுகிறவர்கள் என்று நினைச்சுடாதீங்க. செயற்கைக்கோள்களை இயக்குவது, ஏவுகணை வருகிறதா என்று கண்காணிப்பது, நம்ம போனில் வழி காட்டும் ஜி.பி.எஸ். அமைப்பை நடத்துவது, இதெல்லாம்தான் அவர்கள் வேலை. விமானப்படைக்குள் இருந்துகொண்டு இதையே செய்துவந்தவர்கள்தான் தொடக்கத்தில் பெரும்பாலும் புதிய படைக்கு மாறினார்கள்.

அப்படி மாறுவதற்கு, முறைப்படி விமானப்படையிலிருந்து வெளியே வந்து விண்வெளிப்படையில் புதிதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அதே ஊர், அதே நாற்காலி, அதே கணினி. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஆள் வேறு படை.

இங்கேதான் மாநிலங்கள் வருகின்றன. அமெரிக்காவில் படைவீரர்களின் அன்றாட வாழ்க்கையைத் தொடும் பல சலுகைகள் மாநிலச் சட்டங்களில் இருக்கின்றன. உடல் ஊனமுற்ற முன்னாள் வீரருக்குச் சொத்து வரி விலக்கு, அரசு வேலையில் முன்னுரிமை, வெளிநாட்டில் பணியில் இருக்கும்போது காலாவதியான ஓட்டுநர் உரிமத்துக்கு அவகாசம், ஊருக்கு வராமலே ஓட்டுப் போடும் வசதி. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் உண்டு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளூர் மாணவருக்கு ஒரு கட்டணம், வெளிமாநில மாணவருக்கு அதைவிடப் பல மடங்கு வரை கட்டணம் வாங்கும். ஊர் ஊராக மாற்றலாகும் படைவீரரின் பிள்ளையை உள்ளூர் மாணவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாநிலச் சட்டம் வழி செய்கிறது.

சரி, படைவீரர் என்றால் யார்? சில சட்டங்கள் ‘அமெரிக்க ஆயுதப்படைகள்’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டன. அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் பல சட்டங்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை, கடலோரக் காவல்படை என்று ஐந்து பெயர்களை எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தன.

நியாயமான நீதிபதி யாராவது, ஆறாவது படைக்காரரையும் சேர்த்துத்தான் இதை வாசிப்பார் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்ப்பேன். படைவீரர்களுக்கான சட்டங்களைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1940களில் சொல்லியிருக்கிறது. ஆனால் சலுகை கேட்டு வருகிறவர் முதலில் நிற்பது நீதிபதி முன்னால் இல்லையே. ஏதோ ஓர் அலுவலகக் கவுண்டரில் நிற்கிறார். அங்கே இருப்பது ஒரு படிவம். அந்தப் படிவம் சட்டத்தைப் பார்த்துத்தான் தயாராகியிருக்கும்.

1947: விமானத்துக்குள் போட்ட கையெழுத்து

இது முதல் தடவை இல்லை. 1947 ஜூலை 26 அன்று, மரணப்படுக்கையில் இருந்த தாயைப் பார்க்க மிசௌரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் அதிபர் ட்ரூமன். தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்து சேர்வதற்காக விமானத்திலேயே காத்திருந்து, உள்ளேயே கையெழுத்துப் போட்டார். அன்றே அவருடைய தாய் இறந்துபோனார். விமானப்படையைத் தனிப்படையாக்கிய சட்டம் அதுதான். செப்டம்பர் 18இல் படை அதிகாரபூர்வமாகத் தொடங்கியது.

அமெரிக்க அரசியலமைப்பை எழுதியது 1787இல். அதில் தரைப்படை இருக்கிறது, கடற்படை இருக்கிறது. ஆகாயத்தில் படை இருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? விமானப்படைக்காக அரசியலமைப்பை யாரும் திருத்தவும் இல்லை. தரைப்படையிலிருந்து மாற்றப்பட்ட ஆட்களுக்கும் பணிகளுக்கும் ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அப்படியே தொடரும் என்று 1947 சட்டத்திலேயே எழுதி, காங்கிரஸ் அப்போதைக்குச் சமாளித்தது.

மாநிலங்களிலும் பழைய சொற்கள்தான் இருந்தன. உதாரணத்துக்கு டெக்சஸ். அமெரிக்கத் தரைப்படையிலோ கடற்படையிலோ வேலை செய்யும் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் மரைனுக்கும் ஓட்டு கிடையாது என்று அதன் 1876 அரசியலமைப்பு சொன்னது. முகாமில் இருக்கும் ஆயிரக்கணக்கான வெளியூர் ஆட்கள் வரிசையில் வந்து ஓட்டுப் போட்டால் உள்ளூர்க்காரன் பேச்சு எடுபடாது என்ற பயம்.

இப்போது கவனிங்க. 1947இல் விமானப்படை தனியாகப் பிரிந்துவிட்டது. டெக்சஸில், முக்கியமாக சான் அன்டோனியோவைச் சுற்றி, பெரிய விமானத் தளங்கள். அங்கே இருக்கும் விமானப்படை சார்ஜண்ட் தரைப்படையும் இல்லை, கடற்படையும் இல்லை. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அந்தத் தடை அவரைத் தொடவே தொடாது! பட்டியலில் பெயர் இல்லாததே லாபமாகிற இடம் இது. 1954இல் டெக்சஸ் அந்தப் பிரிவைத் திருத்தியபோது படைகளைத் தனித்தனியாகச் சொல்லாமல் ‘ஆயுதப்படைகள்’ என்றே எழுதியது. படையில் சேரும்போது எந்த ஊரில் குடியிருந்தாரோ அங்கே மட்டும்தான் ஓட்டு என்றும் சொன்னது.

அந்த விதியை எதிர்த்துப் போனவர் கேரிங்டன் என்ற தரைப்படை சார்ஜண்ட். அலபாமாவிலிருந்து சேர்ந்தவர். எல் பாசோவில் வீடு வாங்கி, வரி கட்டி, குடும்பத்தோடு வாழ்ந்தவர். சீருடை போட்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நிரந்தரமாக வெளியூர்க்காரராகவே வைத்திருக்க முடியாது என்று 1965இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படைவீரர் யார் என்கிற வரையறை சலுகை கொடுக்க மட்டும் இல்லை, உரிமையைப் பறிக்கவும் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு இந்த வழக்கு சாட்சி.

வரையறைக்கு வெளியே பறந்தவர்கள்

வரையறைக்கு வெளியே நின்றால் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு வாஸ்ப் என்ற பெண் விமானிகளைச் சொல்லணும். இரண்டாம் உலகப் போரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அமெரிக்க இராணுவ விமானங்களை ஓட்டினார்கள். ஆலையிலிருந்து தளத்துக்கு விமானங்களைக் கொண்டுபோனார்கள், பழுதுபார்த்த விமானங்களைச் சோதித்தார்கள், பயிற்சிக்காகச் சுடும் இலக்குகளைத் தங்கள் விமானத்துக்குப் பின்னால் இழுத்துப் பறந்தார்கள். 38 பேர் உயிரை விட்டார்கள். ஆனால் சட்டப்படி அவர்கள் சிவிலியன் ஊழியர்கள். இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவைக்கூட அரசு ஏற்கவில்லை. 1944 டிசம்பரில் அமைப்பைக் கலைத்தார்கள். முன்னாள் படைவீரர் என்ற தகுதிக்கு 1977இல்தான் சட்டம் வழி திறந்தது. முப்பத்து மூன்று வருஷம்.

விண்வெளிப்படைக்காரர்களின் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அந்தப் பெண்களைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று காங்கிரஸில் சண்டையே நடந்தது. இவர்கள் விஷயத்தில் நடந்தது வெறும் மறதி. ஆனால் கவுண்டரில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சுட்டுவதா, பட்டியல் போடுவதா

காங்கிரஸ் தன் வீட்டைச் சரிசெய்யவே ஒரு வருஷம் ஆனது. முன்னாள் வீரர் நலச் சட்டம் உட்படப் பல கூட்டரசுச் சட்டங்களில் விண்வெளிப்படையின் பெயரைச் சேர்த்த சட்டம், 2021 ஜனவரி 1இல் நிறைவேறியது. வேடிக்கை என்னவென்றால், படையை உருவாக்கிய டிரம்ப்தான் வேறு காரணங்களுக்காக அந்தச் சட்டத்தைத் தன் மறுப்பாணையால் தடுத்தார். அதை மீறி காங்கிரஸ் நிறைவேற்றியது.

ஆனால் ஒரு சட்டத்தில் வேறு வழியும் இருந்தது. பணியில் இருக்கும் வீரரைக் கடன், வாடகை, வழக்கு நெருக்கடிகளிலிருந்து காக்கும் 2003ஆம் வருடச் சட்டம். படைவீரர் யார் என்று சொல்லும் இடத்தில் அது படைகளின் பெயர்களைத் தானே வரிசையாக எழுதவில்லை. இராணுவச் சட்டத் தொகுப்பில் இருக்கும் வரையறையைச் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொண்டது. அங்கே மாறினால் இங்கேயும் தானாக மாறிவிடும்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கின. கேப் கனாவெரல் இருக்கும் ஃபுளோரிடாவும் அதில் ஒன்று. மாநிலங்களோடு பேசுவதற்கென்றே பாதுகாப்புத் துறையில் இருக்கும் தொடர்பு அலுவலகமும் இதை வலியுறுத்தியது. இப்படி வந்த மசோதாக்களைப் படித்தால் தூக்கம் வரும். பக்கம் பக்கமாக, ‘மரைன் படை’ என்ற சொல்லுக்குப் பிறகு ‘விண்வெளிப்படை’ என்று சேர்க்கவும், அவ்வளவுதான்.

என் கருத்து என்னவென்றால், ஆறாவது பெயரைச் சேர்ப்பது பாதி வைத்தியம்தான். ஏழாவது படை வந்தால் மறுபடியும் அத்தனை பக்கங்களையும் திருத்தணும். கூட்டரசு வரையறையைச் சுட்டுவது நல்லது. அதிலும் ஒரு தடை உண்டு. நாளைக்கு காங்கிரஸ் எழுதப்போவதை இன்றைக்கே மாநிலச் சட்டமாக ஏற்பது, சட்டமன்றம் தன் அதிகாரத்தை வேறொருவரிடம் கொடுப்பதாகும் என்று சில மாநில நீதிமன்றங்கள் கருதுகின்றன. அந்த இடத்தில் ‘அமெரிக்க ஆயுதப்படைகள்’ என்ற பொதுச்சொல்லை முதலில் வைத்து, பெயர்களை உதாரணமாக மட்டும் அடுக்கலாம்.

பெயர்களை அடுக்கினால் சட்டம் தெளிவாக இருக்கும் என்று எழுதுகிறவருக்குத் தோன்றுவது இயல்பு. அன்றைக்கு அது தெளிவுதான். ஆனால் சட்டம் நாற்பது, ஐம்பது வருஷம் உயிரோடு இருக்கும். எழுதியவர் போய்விடுவார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும்.